பயணக் குளிர்பெட்டி: மின்கலத்திலும் குறைந்தபட்ச இருப்பு
கோடையில் ராஜஸ்தான் வழியே காரில் செல்லும் குடும்பத்தில் நீரிழிவு நோயாளி ஒருவர் இருப்பின், குளிர்பெட்டி ஆடம்பரமன்று. திறக்கப்படாத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைத்தல் வேண்டும், உறையவும் விடலாகாது.

கம்ப்ரசர் இல்லாத மலிவுப் பெட்டிகள் வெளிவெப்பத்தை விட ஏறத்தாழ 20 டிகிரியே குறைக்க வல்லவை. வெளியே 42 எனில் உள்ளே 22. ஆகவே, கம்ப்ரசர் வகையையே பரிந்துரைக்கிறோம்.

12 வோல்ட், 45 வாட் பெட்டி ஓடும்போது ஏறத்தாழ 4 ஆம்பியர் இழுக்கும். பாதி நேரமே ஓடினாலும், 10 மணி நேர இரவில் 20 ஆம்பியர்-மணி செலவாகும். காரின் மின்கலம் 35 ஆம்பியர்-மணி எனில், காலையில் வண்டி கிளம்பாது போகலாம். எனவே, மின்னழுத்தம் குறைந்தால் தானே நின்றுவிடும் பெட்டியையும், இரவுக்குத் தனி மின்கலத்தையும் தேர்ந்தெடுப்போம். சேமிப்புக் கணக்கைப் போலவே மின்கலத்திலும் குறைந்தபட்ச இருப்பைக் காப்போம்.