பழைய காரின் 'மிஸ்'

உத்தரபாராவில் அம்பாஸிடர் கார் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆயினும் அவ்வண்டியை இன்னும் பேணி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. வண்டி 'மிஸ்' அடித்தால், பட்டறையில் முதலில் காதில் விழுவது 'எஞ்சினைப் பிரிக்க வேண்டும்' என்பதே. அதற்கு இசையுமுன் நண்பர்கள் கால் மணி நேரம் செலவிடலாம்.

பழைய பெட்ரோல் எஞ்சினில் நான்கு ஸிலிண்டர்கள். வெடிக்கும் வரிசை 1, 3, 4, 2. ஒன்று தன் முறையில் தவறினால் ஓசை தடுமாறும், வண்டி உதறும். எது தவறுகிறது? ஹாண்ட் பிரேக்கைப் போட்டு, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ரப்பர் பிடியுள்ள குறட்டால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுக. (வெறுங்கை வேண்டா, அந்த அதிர்ச்சியை ஒரு முறை பட்டவர் மறக்கமாட்டார்.) நல்ல ஸிலிண்டரின் வயரை எடுத்தால் ஓட்டம் இன்னும் தளரும். எதை எடுத்தும் மாறுதல் இல்லையோ, அதுவே குற்றவாளி.

எஞ்சினை நிறுத்தி, ஆறியபின், அதன் பிளக்கை அடுத்ததோடு இடம் மாற்றுக. கோளாறும் கூடவே பெயர்ந்தால் பிளக்தான். பெயராவிட்டால், வரிசை குழம்பாமல் வயரையும் அவ்வாறே மாற்றிப் பார்க்கலாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை விரிசல் உண்டா என்றும் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் வரும் கோளாறு பெரும்பாலும் இங்கேதான். இருட்டில் பானெட்டைத் திறந்தால், ஒழுகும் மின்பொறி கண்ணுக்கே தெரியும்.

நான்கும் மாறி மாறித் தவறினால் பாயிண்ட், கண்டென்ஸர், கார்புரேட்டர் இவற்றைச் சோதிக்க. பாயிண்ட் இடைவெளி ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர்.

இவையெல்லாம் நன்றாயிருந்தும் ஒரே ஸிலிண்டர் விடாமல் தவறினால், அதன் அமுக்கத்தை அளக்கச் சொல்லுங்கள். அது குறைந்திருந்தால் வால்வோ, பிஸ்டன் ரிங்கோ, கேஸ்கட்டோ பழுது. பட்டறைக்காரர் சொன்னது அப்போது மெய்தான்.