புளியங்கொட்டை பொறுக்கினா எழுத்து வருமா? அங்கன்வாடி 'விளையாட்டு'க்குள்ள இருக்கிற பாடம்!

"பால்வாடிக்கு அனுப்புறோம்தான்... ஆனா அங்க என்னங்க சொல்லித் தர்றாங்க? நாள் முழுக்க விளையாட்டுதானே?"

சேலம், நாமக்கல் பக்கம் மூணு வயசுக் குழந்தை இருக்கிற வீடுகளில், பங்குனி பிறந்தாலே கிளம்பும் பேச்சு இது. காலைப் பேப்பரைப் பிரித்தால் தனியார் பள்ளிகளின் அட்மிஷன் நோட்டீஸ் மடியில் விழும். பக்கத்து வீட்டுக் குழந்தை ஏ, பி, சி, டி எழுதும் வீடியோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஓடும். நம்ம பிள்ளையோ சட்டைப் பை நிறைய புளியங்கொட்டையோட வீட்டுக்கு வந்து நிற்கும். பெத்தவங்களுக்கு வயித்தைக் கலக்கத்தானே செய்யும்?

ஆனா, அந்தப் புளியங்கொட்டையிலயும் பாடம் இருக்கு. அது எப்படி எழுத்தா மாறுதுன்னு பார்ப்போம்.

பங்குனி, சித்திரையில் என்ன விசேஷம்?

நம்ம ஊர் வசந்தம் வெயிலோடதான் வரும். வேம்பு பூத்து வாசலெல்லாம் உதிர்ந்து கிடக்கும். புங்கமரம் பளபளன்னு கொழுந்து விடும். இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். தோட்டங்களில் புளி உலுக்கி, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கொட்டை எடுப்பார்கள். சித்திரை வந்தால் சேலம் கடைவீதியில் மாம்பழக் கூடைகள் இறங்க ஆரம்பிக்கும்.

காசு கொடுத்து வாங்க வேண்டிய 'கிட்' எதுவும் இல்லாமலே, ஒரு பாலர் வகுப்புக்குத் தேவையான அத்தனை பொருளும் மரத்தடியில் கிடைக்கும் காலம் இது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கான முன்பருவக் கல்விப் பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா'தான். பாட்டு, கதை, கைவேலை, வெளியே போய்ப் பார்ப்பது என்று செயல்பாடுகள் வழியாகவே கற்றுக்கொடுக்கச் சொல்கிறது அது.

உதாரணத்துக்கு, காலை வெயில் ஏறுவதற்குள் டீச்சர் குழந்தைகளை மரத்தடிக்குக் கூட்டிப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு கை வேப்பம்பூ, நாலு புங்க இலை, கொஞ்சம் புளியங்கொட்டை. திரும்பி வந்து பெரியது தனி, சின்னது தனி என்று பிரிக்கிறார்கள். இது வகைப்படுத்துதல். கொட்டையை அஞ்சு அஞ்சாகக் கூறு வைக்கிறார்கள். இது எண்ணுதல். "இந்தப் பூ எப்படி மணக்குது கண்ணு?" என்று டீச்சர் கேட்க, ஒரு குழந்தை "கசப்பா மணக்குது" என்கிறது. இது சொல்வளம். மூணும் சேர்ந்ததுதான் பின்னாடி வரப்போகும் படிப்புக்கு அஸ்திவாரம்.

ஒரு எச்சரிக்கை: சின்னக் குழந்தைகள் கொட்டையை மூக்கிலும் வாயிலும் போட்டுக்கொள்ளும். மூணு வயசுக்குக் கீழே இருந்தால் இலையும் பூவும் போதும். பெரிய குழந்தைகள் கொட்டை வைத்து விளையாடும்போதும் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கணும்.

எழுத்துக்கு முன்னால் ஓசை

படிக்கக் கத்துக்கிறதுன்னா எழுத்தின் உருவத்தை மனப்பாடம் பண்றதுன்னு நினைக்கிறோம். அதற்கு முன்னால் ஒரு படி இருக்கு. பேச்சை ஓசைகளாகப் பிரித்துக் கேட்கத் தெரியணும்.

'வேப்பம்பூ' என்று கை தட்டிச் சொல்லிப் பாருங்க. வேப் - பம் - பூ. மூணு தட்டு. ஆனால் எழுதினால் வே, ப், ப, ம், பூ என்று அஞ்சு எழுத்து. முதலில் மூணு தட்டைப் பிடிக்கத் தெரிந்த குழந்தைக்குத்தான் பிறகு அந்த அஞ்சும் பிடிபடும்.

1983இல் பிராட்லி, பிரயன்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் சுமார் 400 குழந்தைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 'நேச்சர்' இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். நாலு, அஞ்சு வயசில் ஒத்த ஓசையுள்ள சொற்களை இனம் காணத் தெரிந்த குழந்தைகள், பள்ளிக்குப் போன பிறகு வாசிப்பில் முன்னால் நின்றார்கள்.

நமக்கு இது புதுசா என்ன? மோனை, எதுகைன்னு பெயர் வைத்தே வளர்த்த மொழி நம்மளோடது. "மாமரம், மாங்காய், மாவிலை... இன்னும் 'மா'வுல என்ன இருக்கு?" என்று கேட்டால் அது மோனை விளையாட்டு. "கல்லு, பல்லு, நெல்லு... அடுத்து?" என்றால் எதுகை விளையாட்டு. அங்கன்வாடியில் பாட்டுப் பாடிக் கை தட்டும்போது நடப்பது பொழுதுபோக்கு மட்டும் இல்லை. காது தயாராகிறது.

சேலம் பகுதிக்கு இது இன்னும் முக்கியம். இங்கே வீட்டில் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் பேசும் குடும்பங்கள் நிறைய. இப்போது கோழிப் பண்ணைகளுக்கும் கட்டட வேலைக்கும் வந்த வடமாநிலத் தொழிலாளர்களின் குழந்தைகளும் இருக்கிறார்கள். தமிழ் ஓசையே பழகாத குழந்தையிடம் நேரா 'அ'வை நீட்டினால், அது அதற்கு வெறும் கோலம்தான்.

மூணு வயசுக் கையில் பென்சில் வேண்டாமா?

மணிக்கட்டில் மொத்தம் 8 சின்ன எலும்புகள். மூணு வயசில் அவற்றில் பெரும்பாலானவை இன்னும் எலும்பாகவே ஆகியிருக்காது, குருத்தெலும்பாகத்தான் இருக்கும். கைத் தசையும் விரல் பிடியும் வருஷக் கணக்கில் மெதுவாகத்தான் உறுதிப்படும். அந்தக் கையில் நாலுகோடு நோட்டைக் கொடுத்து, "கோட்டுக்குள்ள எழுது" என்றால் குழந்தைக்கு வருவது எழுத்து இல்லை, அழுகை.

புளியங்கொட்டையை விரல் நுனியால் பொறுக்குவது, களிமண் உருட்டுவது, பூவை நூலில் கோப்பது எல்லாம் பென்சில் பிடிக்கப் போகும் விரல்களுக்கான பயிற்சி. இலவம் பஞ்சை ஊதிப் பறக்கவிட்டு ஓடிப் பிடிப்பது கண்ணுக்கும் கைக்கும் ஒத்துழைப்புப் பழக்கும்.

நம்ம திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் விரலால் மணலில் எழுதித்தான் ஆரம்பித்தார்கள். 1789இல் மெட்ராஸ் எழும்பூரில் ஆண் அநாதைக் குழந்தைகள் இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், இந்த மணல் எழுத்தைப் பார்த்துத் தன் பள்ளியில் கொண்டுவந்தார். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையும் அங்கே நடந்தது. 1797இல் அவர் அதைப் புத்தகமாக எழுத, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து வரைக்கும் பரவியது. 1939இல் அடையாறு வந்த மரியா மாண்டிசோரி உப்புத்தாள் எழுத்துகளைத் தடவித் தடவிக் கற்க வைத்தார். சொன்ன சேதி ஒன்றுதான்: எழுத்து முதலில் விரலுக்குத் தெரியணும்.

247 எழுத்து... எப்ப முடிப்பது?

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆங்கிலத்தின் 26-ஐப் பக்கத்தில் வைத்தால் மலைப்பாகத்தான் இருக்கும். அதனாலேயே, "இப்பவே ஆரம்பிச்சாதான் முடியும்" என்று பல பெற்றோர் அவசரப்படுகிறார்கள்.

கன்னடவழிக் குழந்தைகளை ஆராய்ந்த சொனாலி நாக், 2007இல் வெளியிட்ட கட்டுரையில் இதைப் பற்றிப் பேசுகிறார். இந்திய எழுத்துமுறைகளில் எல்லா எழுத்துகளும் கைவசப்பட ஆங்கிலத்தைவிட அதிக காலம் பிடிக்கும், தொடக்கப்பள்ளியின் மேல் வகுப்புகள் வரைகூட நீளும் என்பது அவர் கண்டது. அதாவது, நம்ம பிள்ளை மெதுவாகக் கத்துக்குதுன்னா அது குறைபாடு இல்லை. எழுத்தின் எண்ணிக்கை அப்படி.

வரிசையும் மாற்றலாம். 'அ' தமிழின் முதல் எழுத்துதான், ஆனால் எழுதுவதற்குச் சுலபமானது இல்லை. ட, ப, ம போன்றவை எளிய கோடுகளால் ஆனவை. இந்த மூணோடு புள்ளி வைத்த ட், ம் தெரிந்தால் போதும். படம், பட்டம், மடம் என்று முழுச் சொல்லையே குழந்தை படித்துவிடும். "எனக்குப் படிக்கத் தெரியுது!" என்ற அந்தச் சந்தோஷம்தான் அடுத்த எழுத்துக்கு இழுத்துப் போகும்.

அப்ப பிரச்னை எங்கே?

இவ்வளவு நல்ல முறை இருந்தும் எல்லா மையத்திலும் ஏன் இது நடப்பதில்லை? முக்கியக் காரணம், நேரம்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுக்க 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள். ஒரு மையத்துக்கு ஒரு பணியாளர், ஒரு உதவியாளர் என்பதுதான் பொதுவான கணக்கு. அந்த ஒரு டீச்சர்தான் எடை பார்க்கணும், உயரம் அளக்கணும், கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுக்கணும், தடுப்பூசிக்கு ஆள் திரட்டணும், வீடு வீடாகப் போகணும், 'போஷன் டிராக்கர்' ஆப்பில் எல்லாவற்றையும் ஏற்றணும். காலிப் பணியிடம் இருந்தால் பக்கத்து மையத்தையும் சேர்த்துப் பார்க்கணும். நடுவில் கிடைக்கும் நேரத்தில்தான் பாட்டும் கதையும்.

அந்த நேரத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? இதற்குப் பதில் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்ட்டர்ஸ் மூவரும் இங்கே 4 மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். சில மையங்களில் முன்பருவக் கல்விக்கென்றே பகுதிநேரமாகக் கூடுதலாக ஒருவர் நியமிக்கப்பட்டார். 2021இல் வெளியான முடிவு: குழந்தைகளுக்குக் கிடைத்த கற்பித்தல் நேரம் இரண்டு மடங்கானது. கணக்கிலும் மொழியிலும் அவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். ஆச்சரியம் என்னவென்றால், வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளின் விகிதமும் கடுமையான சத்துக்குறைவும்கூடக் குறைந்தன. காரணம் எளிது; ஏற்கெனவே இருந்த டீச்சருக்குச் சத்துணவு, உடல்நல வேலைகளைக் கவனிக்க நேரம் கிடைத்தது.

சத்தும் படிப்பும் தனித்தனி இல்லை. நாட்டுக்கே முட்டை அனுப்பும் நாமக்கல்லுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு வாரத்துக்கு 3 முட்டை கொடுக்கிறது தமிழ்நாடு. பசித்த குழந்தையின் காதில் எந்த ஓசையும் ஏறாது.

எல்.கே.ஜி-யா, அங்கன்வாடியா?

பெற்றோரின் எல்.கே.ஜி ஆசை அரசுக்கும் தெரியும். 2019 ஜனவரி 21 அன்று, அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி, யு.கே.ஜி தொடங்கப்பட்டது. உபரியாக இருந்த ஆசிரியர்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள். 2022இல் அவர்களைத் திரும்பப் பள்ளிகளுக்கே எடுத்துக்கொள்ள முடிவானபோது எதிர்ப்பு கிளம்பியது. வகுப்புகள் தொடரும், தற்காலிகச் சிறப்பாசிரியர்கள் நியமிக்கப்படுவார்கள் என்று அரசு அறிவித்தது. இங்கேயும் சிக்கல் ஆள் பற்றாக்குறைதான்.

அதே 2022 ஜூனில், 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. கொரோனாவில் பள்ளி மூடியதால் வந்த இழப்பைச் சரிசெய்து, 8 வயதுக்குள் எல்லாக் குழந்தையும் பொருள் புரிந்து படிக்கணும், அடிப்படைக் கணக்கு போடணும் என்பது இலக்கு. கவனியுங்க, 8 வயது. மூணு இல்லை.

ப்ளஸ் டூ மார்க்குக்காக மாநிலம் முழுக்கப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுதியில் சேர்த்த ஊர் நாமக்கல். 'பிராய்லர் பள்ளி' என்ற கிண்டல் பெயரும் அங்கிருந்து பரவியதுதான். அந்த ஓட்டத்தை மூணு வயசிலேயே ஆரம்பிக்கணுமா என்பதுதான் கேள்வி.

தனியாரோ அரசோ, சேர்க்கும் முன் அரை மணி நேரம் போய் உட்கார்ந்து பாருங்க. குழந்தைங்க பேசுறாங்களா, டீச்சர் மட்டும் பேசுறாரா? கைக்கு எட்டும் உயரத்தில் படப் புத்தகம் இருக்கா? வெளியே போய் விளையாட இடம், நிழல், தண்ணி இருக்கா? தினமும் ஒரு கதை உண்டா? இந்தப் பதில்கள் போர்டில் இருக்கும் 'இன்டர்நேஷனல்' என்ற வார்த்தையைவிட முக்கியம்.

வீட்டில் நாம என்ன செய்யலாம்?

வேலை முடிஞ்சு ஏழு மணிக்கு வர்றவங்களுக்கும் பத்து நிமிஷம் இருக்கும். அது போதும்.

பைக்கில் போகும்போது முன்னாடி போற லாரியைக் காட்டுங்க. லாரி பாடி கட்டுற ஊர்ல நமக்கு எழுத்துக்கா பஞ்சம்? பின்பக்கம் எழுதியிருக்கும் பெரிய எழுத்தில் குழந்தையின் பெயர் எழுத்து இருக்கான்னு தேடச் சொல்லுங்க. 28-ன்னா நாமக்கல், 34-ன்னா திருச்செங்கோடு என்று நம்பர் பிளேட்டும் விளையாட்டாகும்.

மொட்டை மாடியில் சாயங்காலம், பழைய பிரஷ்ஷும் ஒரு கிண்ணம் தண்ணியும் கொடுங்க. தரையில் எழுதட்டும். வெயில் சூட்டில் காய்ந்து மறைவதற்குள் என்ன எழுத்துன்னு நீங்க சொல்லணும். அழிக்க ரப்பர் வேண்டாம், தப்புன்னு திட்டவும் வழியில்லை.

ராத்திரி ஒரு கதை. புத்தகம் இல்லைன்னா பாட்டிகிட்ட போன் போட்டுக் கொடுங்க. கதை முடிஞ்சதும் "அப்புறம் என்ன ஆச்சு?"ன்னு குழந்தையைச் சொல்ல விடுங்க.

நாளைக்குச் சாயங்காலம் பிள்ளை புளியங்கொட்டையோட வந்தால், "இதுக்கா அனுப்புறோம்?"னு கேட்க வேண்டாம். "எத்தனை இருக்கு, எண்ணலாமா சாமி?"ன்னு பக்கத்தில் உட்காருங்க. முடிஞ்சா ஒரு நாள் காலையில் அங்கன்வாடிக்கும் போய், டீச்சருக்குக் கூட ஒரு ஆள் இருக்காங்களான்னு பார்த்துட்டு வாங்க. இல்லைன்னா, அடுத்த கிராம சபையிலோ வார்டு கூட்டத்திலோ கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.