கத்திரி வெயிலும் இடுப்பு பெல்ட்டும்

கத்திரி பிறந்துவிட்டால் மளிகைக் கடைக்காரருக்கு இரண்டு பக்கமும் சூடு. முன்னால் தெருவின் அனல், பின்னால் கிடங்கின் தகரக் கூரை. இதற்கு நடுவே, சட்டைக்கு உள்ளே ஒரு சாண் அகலப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வியாபாரம் பார்க்கும் நம் வணிகர்கள் ஒருவர் இருவர் அல்லர். எந்தக் கடைவீதியிலும் பத்துக் கடை ஏறி இறங்கினால், இடுப்பு வலிக்காரர் இரண்டு பேராவது அகப்படுவார்கள்.

டாக்டர் மருந்துச் சீட்டில் 'எல்.எஸ். பெல்ட்' என்றோ 'கார்செட்' என்றோ எழுதித் தருவது இதைத்தான். விலா எலும்பின் அடியிலிருந்து இடுப்பு எலும்பைத் தாண்டி வரும் அகலமான பட்டை. முதுகுப் பக்கம் தண்டுவடத்தின் இருபுறமும் நிற்கும் உலோக அல்லது பிளாஸ்டிக் பட்டிகள், முன்னால் ஒட்டுப்பட்டை. நம் தொழிலில் இது வருவதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. குனிந்து பருப்பு அள்ளுவதும், நின்ற இடத்திலிருந்தே உடம்பைத் திருகி மேல் தட்டில் இருக்கும் எண்ணெய் டின்னை இழுப்பதும், லோடு வந்தால் ஆள் இல்லாமல் தாமே மூட்டைக்குத் தோள் கொடுப்பதும், காலை ஆறு மணி முதல் இரவு பத்து வரை நிற்பதும் போதாதா?

கோடையில் பெல்ட் கட்டுகிறவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். ஒரு சாரார், "வேர்த்துக் கொட்டுகிறது" என்று பெல்ட்டை ஆணியில் மாட்டிவிடுகிறார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் லாரி வந்து நிற்கும். அதை எடுத்துக் கட்ட யாருக்குப் பொறுமை? இன்னொரு சாரார், வலிக்குப் பயந்து, எழுந்தது முதல் படுக்கும் வரை அவிழ்ப்பதே இல்லை. பத்து நாளில் இடுப்பைச் சுற்றி வேர்க்குருவும் அரிப்பும் புண்ணும். அப்புறம் இவர்களும் பெல்ட்டை விட்டுவிடுகிறார்கள், முதுகு பழையபடி ஆகிவிடுகிறது.

இரண்டுக்கும் ஒரே மருந்துதான்: பெல்ட் எதற்கு என்று தெரிந்து, அந்த வேலை நேரத்துக்கு மட்டும் கட்டுவது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெல்ட் கட்டிவிட்டால் முதுகுக்கு இரும்புக் கவசம் வந்துவிட்டது, இனி எத்தனை மூட்டையும் தூக்கலாம் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் புதிதாகத் திறந்த 160 சில்லறை விற்பனைக் கடைகளில் சரக்கு தூக்கும் 9,377 பணியாளர்களைத் தொடர்ந்து கவனித்து, அதன் முடிவை அந்நாட்டு மருத்துவச் சங்க இதழ் 2000 டிசம்பரில் வெளியிட்டது. பெல்ட் கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் முதுகு வலியிலோ காயத்திலோ வித்தியாசம் காணவில்லை. ஆக, நல்ல முதுகுக்காரர் 'வருமுன் காப்போம்' என்று கத்திரி வெயிலில் பெல்ட் கட்டி வேகத் தேவையே இல்லை. ஏற்கெனவே வலி உள்ளவருக்கு டாக்டர் எழுதிக் கொடுப்பது வேறு கதை. அது சில நாளோ சில வாரமோ முதுகை நினைவுபடுத்தித் தாங்குகிற துணை.

அந்தத் துணை தேவைப்படுவது சரக்கு இறக்கும் நேரம், அடுக்கும் நேரம், நின்றபடி ஓயாமல் நிறுக்கும் காலை மாலைக் கூட்ட நேரம். மதியம் ஒன்று முதல் நாலு வரை கடையில் ஈ ஓட்டுகிறபோது எதற்கு? சாய்மானமுள்ள நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது கழற்றலாமா என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண முதுகு வலிக்காரர் பலருக்கு அவர் சரி என்றே சொல்வார். படுக்கும்போது கட்ட வேண்டியதில்லை என்பதும் பெரும்பாலும் சொல்லப்படுவதுதான். ஆனால் முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரும், எலும்பு முறிவுக்காகக் கட்டியிருப்பவரும் வெயில் என்று தாமாகக் கழற்றவே கூடாது. அவர்கள் டாக்டர் சொன்ன கணக்குப்படிதான் நடக்க வேண்டும்.

இனி உடம்புச் சூட்டுக்கு வருவோம். வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை. அது காய்வதால்தான் குளிர்கிறது. பட்டைக்கு அடியில் வியர்வை காய வழியில்லை. அதனால் வெறும் மேனியில் பெல்ட்டைக் கட்டவே கூடாது. உள்ளே மெல்லிய பருத்தி பனியன், அதன்மேல் பெல்ட், அதற்குமேல் தளர்ந்த சட்டை. பனியன் பெல்ட்டின் கீழ் விளிம்பையும் தாண்டி நீளமாக இருக்கட்டும். சுருக்கம் விழாமல் இழுத்துவிட்டுக் கட்டுங்கள். ஒரு சின்ன மடிப்பு போதும், மாலைக்குள் தோலில் கோடு போட்டுவிடும். வேட்டி கட்டுகிறவர்கள் வேட்டி முடிச்சையும் மடியில் செருகிய பணப்பையையும் பெல்ட்டுக்குள் வைத்து அழுத்துகிறார்கள். முடிச்சு வெளியே இருக்க வேண்டும். நனைந்த பனியனை மத்தியானம் ஒருமுறை மாற்றுங்கள். திருப்பூர் பனியன் மொத்தமாக வாங்கி விற்கிற ஊரில் நமக்கு இரண்டு பனியன் அதிகம் வாங்க மனம் வராமல் போகிறது!

பெல்ட் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். ரப்பர் போல வழுவழுப்பாக, தடித்து இருக்கும் நியோபிரீன் பெல்ட் குளிர் நாட்டுக்கு இதமாக இருக்கலாம். அது சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும். நமக்கு வலைப்பின்னலாக, துளைகளுள்ள எலாஸ்டிக் துணியில் வருவதுதான் ஏற்றது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துளை தெரிய வேண்டும். அளவு, பேண்ட் அளவைச் சொல்லி வாங்குவதல்ல. டேப்பால் இடுப்பைச் சுற்றி அளந்து, பெட்டியில் போட்டிருக்கும் அளவோடு ஒத்துப் பாருங்கள். பெரியதை வாங்கிக் கடைசி வரை இழுத்து ஒட்டினால் துணி இரட்டையாக விழும்; இரட்டைத் துணி என்றால் இரட்டைச் சூடு.

இறுக்கம் எவ்வளவு? கட்டிய பிறகு உள்ளங்கையைத் தட்டையாக உள்ளே நுழைக்க முடிய வேண்டும், மூச்சை நன்றாக இழுக்க முடிய வேண்டும். மூட்டை தூக்கும்போது சற்று இறுக்கி, வைத்ததும் தளர்த்துவது நல்ல வழக்கம். ஒட்டுப்பட்டை இருப்பதே அதற்குத்தான். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1994இல் வெளியிட்ட அறிக்கையில், பெல்ட் இதயத்துக்கும் ரத்த ஓட்டத்துக்கும் தற்காலிகப் பளு தரக்கூடும் என்றும் சொல்லியிருந்தது. ரத்த அழுத்தம் உள்ள நம் மூத்த வணிகர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

வெப்ப நாட்டில் வயிற்றைக் கட்டுவது நமக்குப் புதிதும் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் பட்டாளத்தார் கம்பளித் துணிப் பட்டையை வயிற்றில் சுற்றிக்கொண்டு வெயிலில் நடந்தார்கள். அதற்குக் 'காலரா பெல்ட்' என்றே பெயர். வயிறு குளிர்ந்தால் காலரா வரும் என்று நம்பிக்கை! காலரா தண்ணீரால் பரவுகிறது என்று 1854இல் லண்டனில் ஜான் ஸ்நோ எடுத்துக்காட்டிய பிறகும் அந்தப் பட்டை எளிதில் ஒழியவில்லை. எதற்குக் கட்டுகிறோம் என்று தெரியாமல் கட்டினால் இப்படித்தான்.

தோலைப் பற்றி ஒரு வார்த்தை. குளித்துத் துவட்டி, உடம்பு முழுக்க உலர்ந்த பிறகே பெல்ட் கட்ட வேண்டும். பவுடர் போடுவதானால் உலர்ந்த தோலில் லேசாக. வியர்வையின்மேல் கொட்டினால் அது கூழாகி உராயும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு கட்டாதீர்கள். பிசுபிசுப்பும் சேரும், எலாஸ்டிக்கும் கெடும். அரிப்பு வந்து, வட்டமாக விளிம்பு சிவந்து பரவினால் அது வேர்க்குரு அல்ல, படர்தாமரை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மருந்துக் கடையில் வாய்மொழியாகக் கேட்டு வாங்கும் களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்தவை உண்டு. இரண்டு நாள் அரிப்பு அடங்கும், பிறகு இடுப்பு முழுக்க, தொடை வரை பரவும். இந்தக் கேட்டைப் பார்த்துத்தான் 2018இல் மத்திய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. தோல் டாக்டரிடம் காட்டிவிடுவதே சிக்கனம்.

கோடையில் ஒரு பெல்ட் போதாது, இரண்டு வேண்டும். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். உள்ளிருக்கும் பட்டிகளை உருவிவிட்டு, ஒட்டுப்பட்டையை மூடி ஒட்டி, பச்சைத் தண்ணீரில் சாதாரண சோப்புப் போட்டுக் கையால் அலசுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம், இஸ்திரி வேண்டாம், நிழலில் உலர்த்துங்கள். மொட்டை மாடி வெயிலில் போட்டால் எலாஸ்டிக் தளர்ந்து, சீசன் முடிவதற்குள் பெல்ட் வெறும் துணியாகிவிடும்.

தண்ணீர் விஷயத்தை நாம் வெளிப்படையாகவே பேச வேண்டும். கடைக்காரர் தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் தாகம் இல்லாமை அல்ல. பல கடைகளில் கழிப்பிடம் இல்லை, கல்லாவை விட்டு எழ ஆளும் இல்லை. போதாக்குறைக்கு, பெல்ட் வயிற்றை அழுத்துவதால் ஒரு செம்பு தண்ணீர் குடித்தாலே முட்டுகிறது. எனவே ஒரேயடியாகக் குடிக்காமல், பாட்டிலைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மடக்கு குடியுங்கள். நீர்மோர் உத்தமம். மிகுதியாக வியர்க்கும் நாளில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் 6 மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்து வைத்துக்கொள்ளலாம். இரண்டும் நம் கடைச் சரக்குத்தானே! சர்க்கரை வியாதி, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுச் செய்ய வேண்டும். மதியச் சாப்பாட்டைப் பெல்ட்டோடு சாப்பிடாதீர்கள். கழற்றிவிட்டு, அளவாகச் சாப்பிட்டு, அரை மணி கழித்துக் கட்டினால் நெஞ்செரிச்சல் வராது.

ஊருக்கு ஊர் வெயில் வேறு. சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி செல்சியஸ் பதிவானது உண்டு. ஆனால் கடலோர ஊர்களில் 36 டிகிரியே ஆளை அசத்திவிடும். காற்றில் ஈரம் மிகுதி, வியர்வை காய்வதில்லை. அங்கே மின்விசிறிக் காற்று நேராக உடம்பில் படும்படி இருக்க வேண்டும். வேலூர், திருச்சி போன்ற வறண்ட வெயிலில், தகரக் கூரையின் கீழே விசிறி அனலைத்தான் வீசும். அங்கே கழுத்திலும் கையிலும் ஈரத்துண்டைப் போட்டுக்கொள்வது பலன் தரும். இரண்டு இடத்துக்கும் பொதுவான யோசனை, லோடு இறக்குவதை காலை பத்துக்கு முன்னும் மாலை நாலுக்குப் பின்னும் வைத்துக்கொள்வது. லாரிக்காரர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

பெல்ட் கட்டியவர் தலை சுற்றுகிறது, குமட்டுகிறது என்றால் முதல் வேலை பெல்ட்டை அவிழ்ப்பது. பிறகு நிழல், காற்று, தண்ணீர். பேச்சுக் குழறினாலோ, ஆள் தடுமாறினாலோ, நினைவு தப்பினாலோ அது வெப்பத் தாக்கு, உயிருக்கு ஆபத்து. வாயில் எதையும் ஊற்றாமல், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள். 2024இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் அறிவித்தது. நிலைமை அந்த அளவுக்கு வந்திருக்கிறது.

சூட்டோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். கால் மரத்துப்போவது, காலில் பலம் குறைவது, சிறுநீர் பிரியாமல் நிற்பது இவையெல்லாம் பெல்ட்டைக் கட்டிச் சமாளிக்கும் விஷயமல்ல. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடையில் ஆள் வைத்திருப்பவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஓர் ஆண் தொழிலாளி தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. எல்லா வசதியும் சரியாக இருக்கும் இடத்திலேயே 23 கிலோதான் உசிதம் என்பது மேலே சொன்ன அமெரிக்க நிறுவனத்தின் கணக்கு. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான, பெயரிட்டுக் கட்டிய அரிசிச் சிப்பத்துக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. என்றதும் 26 கிலோ சிப்பம் சந்தைக்கு வந்தது நமக்குத் தெரியும். வரிக்கு அது வழி. தூக்குகிறவன் முதுகுக்கு ஒரு கிலோ கூடுதல். இரண்டு சக்கரத் தள்ளுவண்டி ஒன்று கிடங்கில் இருந்தால், கத்திரியில் பாதிப் பேருக்கு பெல்ட்டே தேவைப்படாது. 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். அந்த ஸ்டூல் முதலாளியின் இடுப்புக்கும் உதவும்.

நம்மில் சிலர் கடையிலேயே 'தொப்பை குறைக்கும் பெல்ட்' தொங்கவிட்டு விற்கிறார்கள். கட்டியதும் வியர்வை கொட்டும், தராசில் எடை குறையும். குறைந்தது தண்ணீர், கொழுப்பல்ல. இரண்டு செம்பு தண்ணீர் குடித்தால் திரும்பி வந்துவிடும். கத்திரி மாதத்தில் இதை விற்காமல் இருந்தால் நல்லது. முதுகு வலி என்று வந்து கேட்பவருக்கு அதை எடுத்துக் கொடுப்பது அறவே கூடாது.

கிடங்குக்கு என்று ஒரே பெல்ட் வாங்கி ஆணியில் மாட்டிவைத்து, வந்தவர் போனவர் எல்லாம் மாற்றி மாற்றிக் கட்டுகிற வழக்கமும் பல இடங்களில் இருக்கிறது. ஒருவர் இடுப்புப் படர்தாமரை அத்தனை பேருக்கும் பரவ இதைவிட நல்ல வழி கிடையாது. டாக்டர் யாருக்கு எழுதிக் கொடுத்தாரோ அவர் பெயரை உள்பக்கம் மையால் எழுதி, அவரிடமே கொடுத்துவிடுங்கள்.