கிடாவை மட்டும் மாற்றுகிற ஊர்

செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஆடு பிடிக்க வருகிறவர்களில் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் உண்டு. முப்பது, நாற்பது வெள்ளாடு வைத்திருப்பவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, நன்றாக இருக்கிற கிடாவையே விற்றுவிட்டுத் தூரத்து ஊர்க்காரரிடம் வேறு கிடா பிடிப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “ஒரே கிடாவ வெச்சிருந்தா தன் குட்டி மேலயே ஏறிடும் தம்பி. அப்புறம் பொறக்கறதெல்லாம் நோஞ்சானாப் பொறக்கும். பாதி செத்தும் போவும்” என்றார். கால்நடை மருத்துவர்கள் முகாமில் சொல்வதும் இதுதான். பெரியவருக்கு யாரும் முகாம் போட்டுச் சொல்லித்தரவில்லை.

அடுத்து அவரைப் பார்த்தது ஒரு காவல் நிலைய வாசலில். அவருடைய பேத்தி எங்கள் காலனிப் பையனைத் திருமணம் செய்துகொண்டு, பாதுகாப்புக் கேட்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். நானும் இரண்டு தோழர்களும் துணைக்குப் போயிருந்தோம். பெரியவர் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார்: “எங்க ரத்தத்தக் கலந்துட்டீங்களேடா.” தம்பி போய் ‘டா’ வந்துவிட்டது.

அந்த ‘ரத்தம்’ என்ற சொல்லை நான் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சாதிச் சங்க மேடையில், பஞ்சாயத்தில், கல்யாணப் பேச்சில். உண்மையில் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு ரத்தம் வருவதே இல்லை. கருவறையில்கூடத் தாயின் ரத்தமும் சிசுவின் ரத்தமும் தனித்தனியாகத்தான் ஓடுகின்றன. நடுவில் நஞ்சுக்கொடி இருக்கிறது. பிள்ளைக்கு வருவது தாயிடமிருந்து 23 குரோமோசோம், தந்தையிடமிருந்து 23 குரோமோசோம். ஒவ்வொரு குணத்துக்கான மரபணுவும் பெரும்பாலும் இரண்டு பிரதிகளாக வந்து சேர்கிறது. ஒரு பிரதி பழுதாக இருந்தாலும் மற்றது வேலையைச் செய்துவிடும்.

இதைப் பட்டாணிச் செடியில் கண்டுபிடித்தவர் கிரிகோர் மெண்டல் என்ற துறவி. உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் சேர்த்தார். முதல் தலைமுறை முழுக்க உருண்டை. சுருக்கம் போய்விட்டதா என்றால் இல்லை, மறைந்திருந்தது. அந்தத் தலைமுறைக்குள்ளேயே மறுபடி சேர்த்தபோது நான்கில் ஒன்று சுருங்கி வந்தது. 1866இல் அவர் அச்சிட்டதை 1900 வரை உலகம் கண்டுகொள்ளவில்லை. நம் பெரியவர் பயப்படுகிற நோஞ்சான் குட்டிக்கும் காரணம் இதே கணக்குதான். உறவுக்குள் சேரும்போது இரு பக்கமும் ஒரே பழுது மறைந்திருக்கும் வாய்ப்பு கூடிவிடுகிறது.

மனிதர்களில் இந்தக் கணக்கை ஹைதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் விஞ்ஞானிகளும் அமெரிக்காவின் ஹார்வர்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து போட்டிருக்கிறார்கள். துணைக்கண்டத்தின் 73 குழுக்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் இங்கே தாராளமாகக் கலப்பு நடந்திருக்கிறது. அதன் தடம் அநேகமாக எல்லாக் குழுக்களிலும் இருக்கிறது. வடக்கே சமார் மக்களிடமும் உண்டு, மேற்கே பீல் பழங்குடியிடமும் உண்டு. அதற்குப் பிறகுதான் கதவு சாத்தப்படுகிறது. அவரவர் வட்டத்துக்குள்ளேயே மணம் என்றாகிறது. தூய ரத்தம் என்று எதைச் சொல்கிறார்களோ அது கலந்து முடிந்த பிறகு பூட்டப்பட்ட ரத்தம்.

பூட்டியதன் விலை என்ன? இதே ஆய்வாளர்கள் சிலரும் பங்கேற்ற இன்னொரு ஆய்வு 2017இல் வந்தது. ஆந்திரம், தெலங்கானாவின் வைசியச் சமூகத்தினரிடம் ஒரு நொதிக் குறைபாடு மற்றவர்களைவிட மிக அதிகமாக இருப்பதை அது எடுத்துக்காட்டியது. அறுவைச் சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கிற ஒரு வகை மருந்து, இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சில நிமிடத்தில் தெளியாது. மணிக்கணக்கில் மூச்சுத் தசை அசையாமல் கிடக்கும். இதை அவர்களை இழித்துச் சொல்ல எடுக்கவில்லை. ஒவ்வொரு மூடிய வட்டத்துக்குள்ளும் இப்படி ஏதோ ஒன்று இருக்கக்கூடும் என்பதுதான் ஆய்வின் செய்தி. எங்கள் வட்டமும் அதில் சேர்த்தி.

தமிழ்நாட்டில் வட்டத்துக்குள் இன்னொரு சின்ன வட்டம் வேறு. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இங்கே திருமணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள். பங்காளி வீட்டில் பெண் எடுப்பது பாவம் என்று ஒதுக்கிவிட்டு, அக்காள் மகளைக் கட்டுகிறோம். மரபணுவுக்குப் பங்காளி, மாமன் என்ற முறையெல்லாம் தெரியாது.

மரபணு என்ற பேச்சே இங்கே எட்டாத காலத்தில், 1916 மே 9 அன்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது அம்பேத்கர் இந்தப் பூட்டைத்தான் தொட்டுக் காட்டினார். குலத்துக்குள் மணம் கூடாது என்று பழகியிருந்த ஒரு சமூகத்தின் மேல் சாதிக்கு வெளியே மணம் கூடாது என்று ஏற்றி வைத்ததுதான் சாதி என்றார். அந்தப் பூட்டு திறக்காமல் இருக்கவே கணவனை இழந்தவளை எரிக்கவும், மறுமணம் இல்லாமல் முடக்கவும், சிறுமிக்குத் தாலி கட்டவும் வேண்டியிருந்தது என்று விளக்கினார். ஆக, பெண்ணின் உடம்பில்தான் பூட்டு போடப்பட்டது. இருபது வருடம் கழித்து, சாதி நல்ல வித்தைக் காக்கும் ஏற்பாடு என்று வாதிட்டவர்களுக்கும் பதில் எழுதினார். பஞ்சாபின் பிராமணரும் பஞ்சாபின் சமாரும் இனத்தால் ஒன்றே என்று.

எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பட்டியல் சாதிக்குள்ளேயே பறையர் வீட்டுப் பையன் அருந்ததியர் வீட்டுப் பெண்ணைக் கொண்டுவந்தால் என்ன நடக்கிறது என்பது கூட்டங்களில் பேசப்படுவதில்லை. நான் பார்த்த வீடுகளில் அம்பேத்கர் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்து அந்தப் பெண்ணை வேண்டாம் என்றிருக்கிறார்கள்.

ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், தமிழ் படித்தவனுக்கு அது உறுத்துகிறது. சமூகநலத் துறை டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி பெயரில் தருகிற உதவிக்குப் பெயர் ‘கலப்புத் திருமண’ நிதியுதவி. மாட்டுக்குச் சினை ஊசி போட்டுப் பிறப்பது கலப்பினக் கன்று. அதற்கு விலை அதிகம். கடையில் வாங்குகிற சோளம் வீரிய ஒட்டு, அதற்கும் மதிப்பு. மனிதருக்கு வரும்போது மட்டும் கலப்பு என்பது வசவாகிறது. கலப்பதற்கு முதலில் இரண்டு வேறு பொருள் வேண்டும். மனிதர் இரண்டு இனம் இல்லை என்பதால்தான் நாங்கள் ‘சாதி மறுப்புத் திருமணம்’ என்கிறோம்.

அதற்காக, நல்ல பிள்ளை பிறக்கும் என்று சாதி மறுத்துக் கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. காதல் சினை ஊசி அல்ல. நாளைக்கே விஞ்ஞானம் மாற்றிச் சொன்னாலும் இரண்டு பேருக்குள்ள உரிமை அப்படியேதான் இருக்கும். உடுமலை சங்கரை 2016இல் பேருந்து நிலையம் அருகே வெட்டியவர்கள் எந்த மரபணுவையும் சோதித்துவிட்டு வரவில்லை. அதற்கு முந்தைய வருடம் கோகுல்ராஜ் கொல்லப்பட்டபோது அங்கே கல்யாணம்கூட இல்லை. தோழியோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

எங்கள் பிள்ளைகள் இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஆறு மாதத்துக்கு முன் பெண் குழந்தை பிறந்தது. பெரியவர் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை.

போன வாரம் சந்தையில் அவரைப் பார்த்தேன். புதுக் கிடா பிடித்திருந்தார், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிடா. நான் பேசாமல் கடந்துவிடப் பார்த்தேன். அவர்தான் கூப்பிட்டார். “தம்பி, கொழந்த யாரு சாடை?”

செல்போனில் இருந்த படத்தைக் காட்டினேன். அகன்ற மூக்கு, அவருடையதேதான். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கிடா கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தது.