கற்பனை உலகும் துணைநூல் அலமாரியும்

எழுத்தாளர் ஒருவர் மலை, ஆறு, மொழி, அரச வமிசம் யாவற்றோடும் ஓர் உலகையே புனைந்துவிட்டால், அவ்வுலகை விளக்குவதற்கென்றே அகராதிகளும் நிலப்படங்களும் ஆய்வுரைகளும் பெருகுகின்றன. ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர் டோல்கீன் (1892–1973) படைத்த ‘மிடில் எர்த்’ இதற்குத் தலையாய சான்று. ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ என்னும் அவர் கதை 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. அதனைப் பற்றிய நூல்களோ இன்று ஒரு சிறு நூலகத்தையே நிரப்பும். இவற்றைச் சேகரிப்பது வீண் பொழுதுபோக்கு என்று குருமாரில் சிலர் எண்ணக்கூடும். ஆயினும் இக்கதையைப் பிரசங்க உவமையாக எடுத்தாள்வோர் நம்மிடையே உள்ளவரை, எது ஆசிரியர் கூற்று, எது பிறர் ஊகம் எனப் பிரித்தறியும் கடமை நமக்கு உண்டு.

கதையில் காந்தால்ஃப் என்னும் முதியவர் மரித்து மீண்டும் வருகிறார். உடனே அவரைக் கிறிஸ்துவுக்கு நிழலாக நிறுத்திவிடுகிறோம். டோல்கீனோ, இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், உருவகக் கதை தமக்கு உவப்பானதன்று என வெளிப்படையாகவே எழுதினார். அதே ஆசிரியர் 1953 இல் இராபர்ட் மர்ரே என்னும் இயேசு சபையாருக்கு வரைந்த கடிதத்தில், தம் நூல் அடிப்படையில் சமய நூலே, கத்தோலிக்க நூலே என்று கூறியிருக்கிறார். இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கினாலன்றி உண்மை விளங்காது. சமயம் அக்கதையின் உள்ளோட்டத்தில் கரைந்து நிற்கிறது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு திருமறைப் பெயரைச் சூட்ட அங்கே இடமில்லை. ஆகவே, கதைக்கு அடுத்தபடியாக வாங்கத்தக்கது 1981 இல் ஹம்ஃப்ரி கார்ப்பென்டர் பதிப்பித்த கடிதத் தொகுப்பே என்போம்.

இராபர்ட் ஃபாஸ்டரின் பெயரகராதியும் (விரிவான பதிப்பு 1978), காரன் ஃபான்ஸ்டாடின் நிலப்பட நூலும் (1981) நமக்கு ஒத்தவாக்கிய அகராதி செய்யும் பணியைச் செய்வன. இடத்தைக் காட்டும், பொருள் கூறா. டோல்கீனின் கையெழுத்துப் பிரதிகளை அவர் மகன் கிறிஸ்டோபர் 1983 முதல் 1996 வரை 12 தொகுதிகளாக வெளியிட்டார். ஃபாஸ்டரின் நூல் அவற்றுக்கு முற்பட்டது என்பதை வாங்குவோர் நினைவிற்கொள்க. ஆய்வு நூல்களுள் டாம் ஷிப்பியினுடையது (1982) நம்மைப் பெரிதும் கவர்ந்தது. பழஞ்சொற்களின் வேரிலிருந்தே கதைகள் கிளைத்த விதத்தை அது காட்டுகிறது. எபிரெயச் சொல்வேர்களோடு மல்லாடிய மாணவர்க்கு இது நன்கு சுவைக்கும். வண்ணப்படங்கள் நிறைந்த கலைக்களஞ்சியங்கள் சில, தொகுத்தவரின் சொந்தக் கற்பனையையும் ஆசிரியர் தலையில் ஏற்றிவிடுகின்றன. அவை சிறுவர்க்குப் பரிசளிக்க உதவலாம்.

உருவகமே வேண்டுவோர்க்கு நம் மொழியிலேயே புதையல் உண்டு. ஜான் பனியன் 1678 இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவி, எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) ஐந்து பருவங்களில் பாடிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894 இல் நூலாயிற்று. இங்கே பெயர்களே பொருளை உரைப்பதால், நிலப்படமும் பெயரகராதியும் அத்துணை இன்றியமையாதன அல்ல. வைணவக் குடியிற் பிறந்து கம்பனில் தோய்ந்தவர் கவிஞர். எனவே பனியனின் மூலத்தோடு கம்பராமாயணமும் அருகில் இருத்தல் வேண்டும். குமார பருவத்தில் பனியனிடம் இல்லாத கிறிஸ்துவின் பாடுகளைக் கவிஞர் விரித்துப் பாடியிருப்பது, இரண்டையும் ஒப்பிடுகையில்தான் புலப்படும். வாழ்க்கை வரலாற்றுக்கு, கோயம்புத்தூர்ப் பேராயராயிருந்த ஏ.ஜே. அப்பாசாமி 1966 இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் உண்டு.

நாமக்கல்லிலிருந்து துறையூர் செல்லும் சாலையிலுள்ள எருமப்பட்டி போன்ற ஊரில் பணிபுரியும் ஆயர் இவை யாவற்றையும் தனியே வாங்குதல் இயலாது. அண்டைக் குருசேகரங்கள் இரண்டு மூன்று இணைந்து, கடிதத் தொகுப்பையும் யாத்திரிகத்தையும் முதலில் வாங்கலாம்; அகராதியும் ஆய்வுநூலும் பின்னர் வரட்டும். நூல்கள் ஆயரின் பெயரில் அன்றிக் குருசேகரத்தின் பெயரிலேயே பதிவேட்டில் ஏறவேண்டும். இல்லையேல் ஆயர் மாற்றலாகிச் செல்லுகையில் தட்டுமுட்டுச் சாமான்களோடு அவையும் வண்டியேறிவிடும். யாத்திரிகத்தின் பழம்பதிப்பு ஏதேனும் ஊரார் வீட்டுப் பரணில் கிடைக்குமாயின், அட்டை கிழிந்திருப்பினும் அதனைக் கேட்டுப் பெற்று, பதிப்பாண்டைக் குறித்து வைக்க. அதை மட்டும் இரவல் கொடுத்தல் ஆகாது.