பந்தயக் குவாட் வண்டியின் முன்புற வில்லமைப்பு: திருத்துவதா, மாற்றுவதா?

யந்திரங்களைக் கையாள்வோர்க்கு உண்டாகும் ஐயங்களுள் மிகப் பழையதொன்று உளது. தம் கருவி தாம் விரும்பியவாறு நடவாதவிடத்து, அதனையே செப்பஞ்செய்து கொள்வதா, அன்றி அதனை நீக்கி உயர்ந்ததொன்றை விலைகொடுத்துப் பெறுவதா என்பதே அது. அமெரிக்க நாட்டின் மண்பாதைப் பந்தயங்களில் ஓடும் குவாட் என்னும் நாற்சக்கர வண்டியின் முன்புறத்தைப் பற்றி இவ்வையம் அடிக்கடி எழுகின்றது. அங்ஙனம் எழுங்கால், ஓட்டுவோனுடைய பொருளும் உடலும் ஒருங்கே அதில் அடங்கியிருத்தலின், அதனை ஆராய்தல் வீண்பொழுது போக்காகாது. பௌதிக வகுப்பிற் கற்கும் நெம்புகோல் விதியும் ஆற்றல் விதியும் மெய்வாழ்க்கையில் எவ்வாறு பயன்படுகின்றன என்பதற்கும் இஃதொரு நல்ல உதாரணமாகும்.

முதற்கண் குவாட் வண்டி யாதென அறிவோம். காற்றழுத்தம் குறைந்த நான்கு பருத்த டயர்களின்மேல் அமைந்த சிறு வண்டி அது. ஓட்டுவோன் குதிரைமேல் அமர்வதுபோல இருபுறமும் காலிட்டு அமர்ந்து, மோட்டார் சைக்கிளிற்கு உள்ளது போன்ற கைப்பிடியால் அதனைத் திருப்புவான். சுசுகி கம்பெனியார் 1982-ஆம் ஆண்டில் இவ்வகை நாற்சக்கர வண்டியொன்றை வெளியிட்டனர். 1985-ல் பந்தயத்திற்கென்றே அமைந்த 'எல்.டி. 250 ஆர்' என்னும் வண்டியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். பிற்காலத்தில் யமஹா கம்பெனியார் 2004-ஆம் ஆண்டு மாதிரியாக 'ஒய்.எஃப்.இஸட். 450' என்பதனையும், 2009-ஆம் ஆண்டு மாதிரியாக அதன் வழித்தோன்றலாகிய '450 ஆர்' என்பதனையும் அளித்தனர். முன்னதன் மொத்த அகலம் சுமார் 46 அங்குலம்; முன்சக்கரம் மேலுங்கீழும் அசையக்கூடிய தூரம் சுமார் 9 அங்குலம். பின்னதன் அகலம் ஏறக்குறைய 49 அங்குலம். அசைவு ஏறக்குறைய 10 அங்குலம். இவ்விரு எண்களின் மாற்றமே நம் விஷயத்தின் சாரமென்னலாம்.

இத்தகைய பந்தய வண்டியின் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பிணைக்கப்பட்டுள்ளன. முன்சக்கரங்களோ ஒன்றற்கொன்று கட்டுப்படாமல் தனித்தனியே அசைவன. ஒவ்வொரு முன்சக்கரமும், ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்துப் போன்ற வடிவுடைய இரண்டு இரும்புக் கைகளால் வண்டிச் சட்டத்தோடு கீல்போலப் பொருத்தப்பட்டுள்ளது. அக்கைகளுள் ஒன்றற்கும் சட்டத்திற்கும் நடுவே நிற்பது, சுருள்வில்லும் எண்ணெய்க் குழாயும் ஒருங்கமைந்த அதிர்வடக்கியாகும். இதனையே தொழிலாளர் 'ஷாக் அப்சார்பர்' என்பர்.

வில்லுக்கும் அதிர்வடக்கிக்கும் தொழில் வேறு. நம் நாட்டு வில்வண்டியில் ஏறிச் சென்றோர், கல்லிற் சக்கரம் ஏறியவுடன் கட்டைவண்டியிற் போல் முதுகு நோவாமையை அறிவர்; ஆயினும் வண்டி மேலுங்கீழும் பலமுறை ஆடிய பின்னரே அமைதியுறும். வில்லானது அடியைத் தன்னுள் சேமித்துப் பின் திருப்பிக் கொடுப்பதேயன்றி அதனை அழிப்பதன்று. அழிக்கும் தொழில் எண்ணெய்க்கு உரியது. குழாயினுள்ளே ஓர் அடைப்பு முன்னும் பின்னும் செல்லுங்கால், எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கிச் செல்லவேண்டியிருத்தலின், அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறி ஒழிகின்றது. உயர்ந்த வகை அதிர்வடக்கிகளில் எண்ணெய் நுரைத்தலைத் தடுக்கும்பொருட்டு நைட்ரஜன் வாயுவை அழுத்தத்தோடு அடைத்து வைப்பதுமுண்டு. வில் அமுங்குகையில் எவ்வளவு தடை, மீளுகையில் எவ்வளவு தடை என்பவற்றைத் திருகுகளால் கூட்டவும் குறைக்கவும் கூடும்.

அசைவின் தூரம் ஏன் அத்துணை முக்கியமெனின், ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். வண்டியும் ஓட்டுவோனும் சேர்ந்து 260 கிலோகிராம் எனவும், மேட்டினின்று தாவி 1 மீட்டர் உயரத்திலிருந்து சமதளத்தில் நான்கு சக்கரமும் ஒருங்கே படும்படி வீழ்வதாகவும் கொள்வோம். வில்லமைப்பு 20 சென்டிமீட்டர் அமுங்கி அவ்வீழ்ச்சியை நிறுத்துமாயின், மொத்தம் 120 சென்டிமீட்டர் இறங்கிய எடையின் வேலையை 20 சென்டிமீட்டரில் அழிக்கவேண்டும். ஆகவே சராசரித் தாங்குவிசை எடையைப்போல் 6 மடங்காகும். 25 சென்டிமீட்டர் அமுங்குமாயின் 125-ஐ 25-ஆல் வகுக்க 5 மடங்கே வரும். 5 சென்டிமீட்டர் மிகுதியால் ஓர் எடையளவு சுமை குறைந்தமை காண்க. ஓட்டுவோன் கைகளும் முதுகும் ஒரு பந்தயத்துள் இத்தகைய வீழ்ச்சிகளைப் பன்முறை ஏற்கவேண்டியிருத்தலின், இவ்வேறுபாடு சிறிதன்று.

அகலத்தின் பயனும் இவ்வாறே கணக்கிற்கு உட்பட்டது. வளைவில் வண்டி கவிழாதிருத்தற்குரிய வலிமை, சக்கரங்களின் இடைத்தூரத்தில் பாதியை, பாரமையத்தின் உயரத்தால் வகுத்த அளவைப் பொறுத்தது. டயர்களின் நடுக்கோடுகளுக்கு இடைப்பட்ட தூரம் 39 அங்குலத்தினின்று 43 அங்குலமாகுமாயின், உயரம் மாறாதவிடத்து அவ்வலிமை சுமார் 100-க்கு 10 பங்கு மிகும். 46 அங்குல வண்டிக்குப் பக்கத்திற்கு 2 அங்குலமாக நீண்ட கைகளைப் பொருத்தின் 50 அங்குலமாகும். அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்தின் மோட்டோகிராஸ் விதி அனுமதிக்கும் பேரளவும் அதுவே. பக்கத்திற்கு 2 அங்குலம் நீண்ட கைகளைப் பலர் விரும்புதற்குக் காரணம் இதுவென்க.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். நீண்ட கைகளை மட்டும் வாங்கிப் பழைய அதிர்வடக்கியையே அவற்றிற் பொருத்தினால் என்ன நேரிடும்? கீலினின்று சக்கரத்தின் நடுவரை 15 அங்குலம் இருந்தது 17 அங்குலமாயிற்றென்றும், அதிர்வடக்கி கையைப் பற்றும் இடம் கீலினின்று முன்னிருந்த தூரத்திலேயே உள்ளதென்றும் வைத்துக்கொள்வோம். நெம்புகோல் நீண்டமையால் சக்கரத்தின் அசைவு 100-க்கு 13 பங்கு மிகும், ஓட்டுவோன் மகிழ்வான். ஆனால் சக்கரத்தினிடத்து உணரப்படும் வில்லின் வன்மை 15-க்கும் 17-க்கும் உள்ள விகிதத்தின் வர்க்கப்படி குறையும். அதாவது 100-க்கு 22 பங்கு மெலியும். வில் அடியோடு அமுங்குமளவும் சேமிக்கும் ஆற்றலோ முன்னிருந்ததே. வண்டியின் முன்புறம் தாழ்ந்து, வளைவில் சாய்ந்து, தாவி வீழுங்கால் முன்போலவே அடிதட்டும். நீண்ட கைகளுக்கேற்ப வில்லையும் தடையையும் மாற்றுதல், திருப்பும் கோலாகிய டை ராடை நீட்டுதல், பிரேக் குழாய் போதுமா எனப் பார்த்தல், சக்கரங்களின் சாய்வையும் நேர்மையையும் புதிதாக அளந்து வைத்தல் ஆகிய யாவும் உடன்செய்ய வேண்டியவை. டை ராடின் நீளமும் கோணமும் கைகளோடு ஒவ்வாவிடின், சக்கரம் மேட்டில் ஏறும்போதெல்லாம் தானே திரும்பும். இது வேகத்தில் மிகவும் அபாயமானது. எனவே புதுக்கைகள் தனிப்பொருளல்ல. ஒரு தொகுதியின் உறுப்பு. அத்தொகுதியின் விலையையே மனத்திற் கொண்டு தீர்மானித்தல் வேண்டும்.

இனி, வாங்குமுன் செய்யத்தக்கவற்றைக் கூறுவாம். இவற்றிற்கு ஆகுஞ் செலவு சொற்பம். பெறும் அறிவோ பெரிது.

முதலாவது, தேய்வை நோக்குக. வண்டியின் முன்புறத்தைத் தூக்கி நிறுத்திச் சக்கரத்தை மேலுங்கீழும் பக்கவாட்டிலும் ஆட்டிப் பார்த்தால், புஷ்களும் பால் ஜாயிண்டுகளும் தளர்ந்துள்ளனவா என்பது வெளிப்படும். அதிர்வடக்கியின் தண்டில் எண்ணெய்க் கசிவு காணப்படின் அதன் அடைப்புகள் கெட்டன என்பதாம். நெடுநாள் மாற்றப்படாத எண்ணெய் வெப்பத்தால் தன் குணத்தை இழந்து, பந்தயத்தின் பிற்பகுதியில் வண்டியைத் துள்ளச் செய்யும். புத்தெண்ணெய் இட்டால் தீரும் நோய்க்குப் புதுக்கருவி வாங்குதல் தகாது. டயரின் அழுத்தத்தையும் நோக்குக. இவ்வண்டிகளின் டயர்களுக்குச் சதுர அங்குலத்திற்குச் சில பவுண்டு அழுத்தமே உரியதாகலின், ஒரு பவுண்டு வேறுபாடும் கையில் உணரப்படும்.

இரண்டாவது, அமர்வை அளக்க. சக்கரங்கள் தரையினின்று எழும்பி வில் முழுதும் விரிந்த நிலையிற் சக்கரத்தின் நடுவிலிருந்து அதற்கு நேர்மேலே சட்டத்தில் குறித்ததோரிடம் வரையுள்ள தூரத்தையும், ஓட்டுவோன் தன் பந்தய உடைகளோடு வண்டிமேல் அமர்ந்த நிலையில் அதே தூரத்தையும் அளந்து கழித்தால் அமர்வு கிடைக்கும். பொதுவாக அது முழு அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இருத்தல் நன்று. மிகுதியாயின் சுருள்வில்லின் முன்னழுத்தத்தைக் கூட்டுக, குறைவாயின் தளர்த்துக. முன்னழுத்தம் வண்டி நிற்கும் உயரத்தை மாற்றுமேயன்றி வில்லின் வன்மையை மாற்றாது. முன்னழுத்தத்தை மிகக் கூட்டிய பின்னரே உயரம் சரிப்படுமாயின், அவ்வில் அவ்வோட்டுவோன் எடைக்கு மெலிந்தது என்று அறியலாம்.

மூன்றாவது, அதிர்வடக்கியின் தண்டில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டிப் பாதையைச் சிலமுறை சுற்றி வருக. வளையம் எவ்வளவு தள்ளப்பட்டுள்ளது என்பதே வில் எவ்வளவு அமுங்கிற்று என்பதற்குச் சாட்சியாகும். மிகக் கடிய வீழ்ச்சியில் மட்டும் கடைசிவரை சென்றிருப்பின் அமைப்பு நன்று. ஒவ்வொரு தாவலிலும் அடிதட்டின் மென்மை மிகுதி. ஒருபோதும் பாதியைக் கடவாதாயின், அவன் வாங்கிய அசைவிற் பாதி வீணென்க.

நான்காவது, தடைத் திருகுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க. வீழ்ந்தபின் முன்புறம் பந்துபோல் எழும்புமாயின் மீளுந்தடை குறைவு. அடுத்தடுத்த சிறு மேடுகளில் வண்டி வரவர இறுகி, கைகளை அடிக்குமாயின் மீளுந்தடை மிகுதி. ஒரு மேட்டிற்கும் மறுமேட்டிற்கும் இடையே சக்கரம் கீழிறங்கப் பொழுது போதவில்லை. ஒருமுறைக்கு ஒரு திருகே மாற்றி, அதே பாதையில் ஓட்டி, விளைவைக் குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றுவோன், பயன் எதனால் விளைந்தது என்பதை அறியமாட்டான். இரசாயனச் சாலையிற் பயின்ற மாணவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவற்றின் பின்னும் குறை எஞ்சுமாயின், தன் எடைக்கேற்ற சுருள்வில்லை மட்டும் மாற்றுவது அடுத்த படி. தொழிற்சாலையார் நடுத்தர எடையுடையோரை மனத்திற் கொண்டே வில்லமைப்பர். மெலிந்தோர்க்கும் பருத்தோர்க்கும் அது பொருந்தாமை இயல்பு. புதிய அதிர்வடக்கியின் விலையை நோக்க, வில்லின் விலை சிறிது.

அங்ஙனமாயின் முழு மாற்றம் எப்போது தகும்? அதற்குப் பாதையின் இயல்பை முதலில் நோக்கல் வேண்டும். மோட்டோகிராஸ் பாதை திறந்த வெளியில் பெருந்தாவல்கள் நிறைந்தது. அங்கே அகலமும் அசைவும் மிகுந்த பயன் தரும். கிராண்ட் நாஷனல் கிராஸ் கண்ட்ரி என்னும் தொடர்ப்பந்தயமோ மரங்களினூடே சுமார் இரண்டு மணி நேரம் நடைபெறுவது. அங்கே அகலம் மிகுந்த வண்டி மரங்களிடையே சிக்கும். யமஹா கம்பெனியார் 2010-ஆம் ஆண்டு மாதிரியாக '450 எக்ஸ்' என்னும் வண்டியைக் காட்டுப்பாதைக்கென 46 அங்குல அகலத்திற்குக் குறுக்கி வெளியிட்டதே இதற்குச் சான்று. அகலம் எங்கும் நன்மையாயின் செய்தோரே அதனைக் குறைப்பரோ? அடுத்து, தான் ஓடும் வகுப்பின் விதிப்புத்தகத்தை நோக்குக. தொழிற்சாலையமைப்பை மாற்றாத வண்டிகளுக்கென வகுத்த போட்டியில் நீண்ட கைகள் தகுதியிழக்கச் செய்யலாம்.

இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவன் 60 கிலோகிராம் எடையுள்ள இளைஞன், முதலாண்டுப் பந்தயத்தினன், வண்டி கைகளை நோகச் செய்கின்றதென வருந்துகிறான். அவன் வளையம் பாதியையும் கடந்ததில்லை. இவனுக்கு வேண்டுவன மெல்லிய வில்லும், புத்தெண்ணெயும், நற்பயிற்சியுமேயாம். எஞ்சிய பணத்தை நல்ல தலைக்கவசத்திற்கும் கழுத்துக் காப்பிற்கும் செலவிடுவானாக. மற்றவன் 95 கிலோகிராம் எடையுள்ளவன், பல்லாண்டு அநுபவமுடையவன், வன்மையான வில்லிட்டும், திருகுகளை அவற்றின் எல்லைவரை இறுக்கியும், பெருந்தாவல்தோறும் அடிதட்டுகின்றான், பந்தயத்தின் இறுதியில் எண்ணெய் கொதித்துத் தடை தளர்கின்றது. இவன் நீண்ட கைகளையும் அவற்றிற்கென அமைந்த அதிர்வடக்கிகளையும் ஒருங்கே வாங்குதலே முறை. பின்னச்சின் அகலத்தையும் பின்வில்லையும் அதற்கேற்பச் செம்மைப்படுத்தல் வேண்டும். முன்புறம் மட்டும் உயர்ந்து பின்புறம் தாழ்ந்த வண்டி ஒத்து ஓடாது.

ஆகவே எம் கருத்து இதுவாம். இன்ன இடத்தில், இன்ன காரணத்தால், இன்ன குறை உளதென்று தன் குறிப்பேட்டைக் கொண்டு சொல்லவல்லவனே புதியதை வாங்கத் தகுந்தவன். அங்ஙனம் சொல்ல இயலாதவன் எத்துணை விலையுயர்ந்த கருவியை வாங்கினும், அதனையும் திருத்தியமைக்க அறியாது, பழைய வருத்தத்தையே புதிய விலையில் அடைவான். 180 கிலோகிராமிற்கு மேற்பட்ட வண்டி வானில் எழுந்து வீழுங்கால் அதன்கீழ் அகப்படாதிருத்தற்கு உதவுவது, அதன்மேற் பொறித்த கம்பெனியின் பெயரன்று; அளந்தறிந்து அமைத்த வில்லும் அதனை உணர்ந்தோட்டும் கையுமேயாம்.