உஷார்! சுவருக்குப் பெயின்ட் ரெடி, டீச்சர் இருப்பாரா?

சிலமலைக்காரர்களே, போடி சுற்றுவட்டாரத்து ஜனங்களே, உங்கள் பால்வாடியில் டீச்சரும் ஆயாவும் எத்தனை நாள் நிலைப்பார்கள் என்று யோசித்ததுண்டா?

ஏலக்காய் எடுப்புக் காலத்தில் விடியுமுன்பே ஜீப் கிளம்பிவிடும். போடிமெட்டு ஏறி பூப்பாறை, சாந்தன்பாறை என்று பிரியும் அம்மாக்கள் பொழுது சாயத்தான் திரும்புவார்கள். இடையில் பிள்ளைக்குச் சோறு ஊட்டி, மூக்கைத் துடைத்து, எடை பார்த்து, பாட்டும் சொல்லித் தருவது அந்த இரண்டு பெண்கள்தான்.

அவர்களுக்குக் கிடைப்பது என்ன? டெல்லி நிர்ணயித்த மதிப்பூதியம் 2018 அக்டோபரில் டீச்சருக்கு 4,500, ஆயாவுக்கு 2,250 ரூபாய் ஆனது. அதற்கப்புறம் வருஷக்கணக்காக அது நகரவில்லை. தமிழக அரசு மேலே போட்டு, சிறப்புக் காலமுறை ஊதியம் என்று தருவதால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லவே 2022 ஏப்ரல் ஆயிற்று. அங்கன்வாடித் திட்டம் தொடங்கியதோ 1975-ல்! 2025-ல் தமிழக அரசு நிரப்ப அறிவித்த அங்கன்வாடிப் பணியிடங்கள் மட்டும் 7,783. ஓர் இடம் காலியானால் பக்கத்து மையத்து டீச்சர் தலையில் ‘கூடுதல் பொறுப்பு’ ஏறும்.

வேலையாவது குறைந்ததா? போஷன் டிராக்கர் என்ற செயலி வந்தது. தாயின் முகத்தைப் போனில் படம்பிடித்துப் பொருத்தினால்தான் வீட்டுக்குக் கொடுக்கும் சத்துமாவு கணக்கில் ஏறும். தாயோ மலையில், டவர் எட்டாத ஏலத்தோட்டத்தில். சாயங்கால ஜீப் வரும்வரை மாவுப் பாக்கெட்டோடு காத்திருப்பது யார் கணக்கில் சேரும்?

சரி, ஊர் கைகொடுக்கலாமே? கொடுக்கலாம். ஆனால் நம்மூர் நன்கொடை போகும் இடம் நமக்குத் தெரியாதா! டிவி, சேர், சுவரில் மிக்கி மவுஸ், மறக்காமல் உபயதாரர் பெயர். ஆயாவின் பஸ் காசுக்கும், டீச்சரின் போன் ரீசார்ஜுக்கும், ஜீப் கிளம்பும் நேரத்திலிருந்து மையம் திறக்கும்வரை பிள்ளைகளைப் பார்க்க ஓர் உள்ளூர்ப் பெண்ணின் கூலிக்கும் ஒருவரும் தர முன்வருவதில்லை. ஆள் தங்குவது இந்தச் செலவுகளுக்குக் கொடுத்தால்தான், பெயின்டால் அல்ல.

கொடுப்பதிலும் கவனம் வேண்டும். டீச்சர் கையில் ரொக்கமாகத் திணிக்காதீர்கள். நாளைக்கு ‘வசூல்’ என்று ஒரு மொட்டைக் கடிதாசி போனால் விளக்கம் எழுதுவது அவர்தான். கிராம சபையில் தீர்மானம் போட்டு, ஊராட்சி வழியாக, ரசீதோடு கொடுங்கள். பிள்ளைக்கு இவ்வளவு என்று பெற்றோரிடம் வாங்கவே கூடாது. அது ஃபீஸ். முதலில் நின்றுபோவது கூலிக்காரர் வீட்டுக் குழந்தை.

தோட்ட முதலாளிகள் தருவதை வாங்குங்கள், தர்மம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்று 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. ஏலத்தோட்டமும் அதில் அடங்கியிருந்தது.

இன்னொன்று. ஊர்தான் கொடுக்கிறதே என்று அரசு கையைக் கழுவ இடம் தராதீர்கள். ஊர்ப் பணம் மேல்செலவுக்கு, சம்பளம் அரசின் பாடு. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2: எந்தக் கிராம சபை முதலில் வருகிறதோ அதில் இரண்டையும் தனித்தனித் தீர்மானமாக எழுதவையுங்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.